கணக்கு வராதவர்களுக்கும் ஒரு சட்டம்

2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தின் தொடக்கம். ஜெனீவாவில் நடைபெறவிருந்த பேச்சுவார்த்தை பற்றிய செய்திகளும் ஊகங்களும் எமது பத்திரிகையின் பக்கங்களை நிறைத்திருந்த நாட்கள். அன்றிரவு உலகச் செய்திகளுக்கான பக்கத்தில் ஒரு மூலையில் சிறிது இடம் எஞ்சியிருந்தது. அதனை நிரப்புவதற்காக, கணினித் திரையில் வந்து குவிந்திருந்த செய்தி நிறுவனக் குறிப்புகளுள் ஒன்றை எடுத்து நான்கு வரிகளாகச் சுருக்கினேன். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் விசேட கல்வி பெறும் மாணவர்களுக்கு, அவ்வாண்டு மட்டும், பாடசாலை இறுதிச் சான்றிதழுக்கான கட்டாயப் பரீட்சையிலிருந்து நிபந்தனைகளுடன் விலக்களிக்கும் சட்டத்தில் ஆளுநர் ஒப்பமிட்டார் என்பதே அச்செய்தி.

அரை மணி நேரத்தின் பின்னர் எமது ஒப்புநோக்குநர் அந்தப் பக்கத்தின் பிரதியைக் கையிலேந்தியபடி என் மேசைக்கு வந்தார். அவர் எனக்குப் புதியவரல்லர். யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அந்த நான்கு வரிகளைச் சுட்டிக்காட்டி, "கணக்கு வராத பிள்ளையளுக்கெண்டு அங்க சட்டமே இருக்கோ, மச்சான்?" என்று கேட்டார். பக்கம் அச்சுக்குப் போகவேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. "பிறகு கதைப்பம்" என்றேன். அந்தப் "பிறகு" வரவேயில்லை. அவர் காலமாகி இப்போது பல ஆண்டுகளாகிவிட்டன. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கு எழுதுகிறேன்.

அவரைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். 1960களின் நடுப்பகுதியில் நாங்கள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினோம். தமிழிலும் சரித்திரத்திலும் வகுப்பில் அவருக்கு நிகர் எவரும் இல்லை. ஒரு முறை வாசித்த செய்யுளை மறுநாள் ஒப்புவிப்பார். ஆனால் ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் கண்கள் கலங்கும். வாய்பாட்டை இரவிரவாகப் பாடமாக்கிக் காலையில் வந்தால் அது காற்றோடு போயிருக்கும். வாங்கின் கீழே விரல் மடித்து எண்ணுவார். அதற்கும் பிரம்படி விழும். "மொக்கன்" என்ற பட்டம் அவரைவிட்டு நீங்கவில்லை. கணக்கு இல்லாவிட்டால் எழுதுவினைஞர் வேலையும் இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். மூன்று முறை தோற்றினார். மூன்று முறையும் கணக்கில் தவறினார். பிற்காலத்தில் பத்திரிகை அலுவலகத்தில் சந்தித்தபோது, ஒற்றெழுத்துப் பிழையொன்றைக்கூடத் தவறவிடாத ஒப்புநோக்குநராக அவர் விளங்கினார். கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையும் பங்குச் சந்தை விலைகளும் வரும் பத்திகளை மாத்திரம் பக்கத்து இருக்கைக்காரரிடம் சத்தமின்றித் தள்ளிவிடுவார். காரணம் என்னவென்று எங்களில் எவரும் கேட்டதில்லை.

இத்தகைய இடர்ப்பாடு மருத்துவ ஏடுகளில் இடம்பெறத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1896ஆம் ஆண்டு நவம்பரில் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். பெர்சி என்ற 14 வயதுச் சிறுவன் புத்திசாலி. எனினும் ஏழாண்டுகள் கற்பித்தும் அவனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க இயலவில்லை. அதே சிறுவன் 749ஐ 867ஆல் விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான் என்றும், ஆனால் நான்கின் அரைப்பங்கைக் கணிக்க அவனால் முடியவில்லை என்றும் மோர்கன் எழுதுகிறார். ஒருவரின் அறிவு எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் வளர்வதில்லை, ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கலாம் என்பதற்கு இச்சிறுவன் ஒரு சாட்சி. என் நண்பரில் மேடும் பள்ளமும் இடம் மாறியிருந்தன.

கணக்குப் பக்கத்துப் பள்ளத்துக்குப் பெயர் கிடைக்க மேலும் காலம் சென்றது. முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் சுவீடனைச் சேர்ந்த ஹென்ஷன் என்ற மருத்துவர், மூளையில் காயமடைந்து கணக்கிடும் ஆற்றலை இழந்தவர்களின் நிலைக்கு "அகல்குலியா" என்று பெயரிட்டார். காயம் எதுவுமின்றிப் பிறவியிலேயே இக்குறையுடன் வளரும் பிள்ளைகளைப் பற்றி, பிராட்டிஸ்லாவா நகரைச் சேர்ந்த உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ்ச் 1974ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் பரிசோதித்த பாடசாலைப் பிள்ளைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேரிடம் இவ்விடர்ப்பாட்டின் அறிகுறிகள் காணப்பட்டன. இதனை இன்று "டிஸ்கல்குலியா" என்கிறார்கள். பின்வந்த ஆய்வாளர்களின் மதிப்பீடுகளும் பெரும்பாலும் இந்த அளவையொட்டியே அமைந்துள்ளன. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். மேசையில் இருக்கும் மூன்று நாணயங்களை நாம் எண்ணாமலே மூன்று என அறிகிறோம். அவர்களுட் பலர் ஒவ்வொன்றாக எண்ணியே அறிகிறார்கள். 8 பெரிதா 6 பெரிதா என்று தீர்மானிப்பதற்குக்கூட அவர்களுக்கு மேலதிகமாக ஒரு கணம் வேண்டியிருக்கிறது. மனனஞ் செய்த பெருக்கல் உண்மைகள் நினைவில் தங்குவதில்லை. தொட்டுணரக்கூடிய பொருட்களைக் கொண்டும் எண் கோட்டைக் கொண்டும் சிறிய எண்களிலிருந்து மெதுவாகக் கற்பித்தால் முன்னேற்றம் காணலாம். அதற்கு வேண்டியவை காலமும், பயிற்சி பெற்ற ஆசிரியரும். பிரம்பு அதற்கு உதவாது.

இனி அமெரிக்கச் சட்டத்தின் கதைக்கு வருவோம். 1963ஆம் ஆண்டு ஏப்ரலில் சிக்காகோ நகரில் பெற்றோர் மாநாடு ஒன்று கூடியது. மந்தபுத்தியும் இல்லை, கண் காது குறைபாடும் இல்லை, ஆயினும் பாடசாலையில் கற்க இயலவில்லை என்ற நிலையிலிருந்த பிள்ளைகளின் பெற்றோர் அவர்கள். அங்கு உரையாற்றிய சாமுவேல் கேர்க் என்ற கல்வியறிஞர் "கற்றல் இடர்ப்பாடுகள்" என்ற தொடரை எடுத்துரைத்தார். பெற்றோர் அதனைப் பற்றிக்கொண்டனர். பெயர் கிடைத்ததும் கோரிக்கை வைக்க முடிந்தது. 1975ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் ஒப்பமிட்ட, அங்கவீனமுற்ற எல்லாப் பிள்ளைகளுக்குமான கல்விச் சட்டத்தில் கற்றல் இடர்ப்பாடும் இடம்பெற்றது. அதன் வரைவிலக்கணத்தில் வாசித்தல், எழுதுதல் என்பவற்றோடு கணித்தல் என்பதும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது.

அன்றைய நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை அச்சட்டமே பதிவு செய்துள்ளது. அமெரிக்காவில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கவீனமுற்ற பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் அரைவாசிக்கும் மேற்பட்டோருக்கு உகந்த கல்வி கிட்டவில்லை. 10 இலட்சம் பேர் பொதுப் பாடசாலைகளுக்கு வெளியே முற்றாக ஒதுக்கப்பட்டிருந்தனர். புதிய சட்டத்தின்படி இத்தகைய பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு கல்வித் திட்டம் எழுதப்பட வேண்டும். பாடசாலையும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து அதனை வகுக்க வேண்டும்.

சிக்கல் இவ்விடத்தில்தான் தோன்றியது. நம் நாட்டைப் போல அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான பொதுப் பரீட்சை கிடையாது. உயர்நிலைப் பாடசாலையின் இறுதியில் வழங்கப்படும் சான்றிதழே, அதாவது டிப்ளோமாவே, வேலைக்கும் மேற்படிப்புக்கும் வாயிற்கதவு. அதனைப் பெறுவதற்கான நிபந்தனைகளை மாநிலங்களும் பாடசாலைச் சபைகளும் வகுக்கின்றன. 1970களின் பிற்பகுதியில், சான்றிதழ் பெற்றோர் பலருக்கு எழுத்து வாசிப்பும் கணக்கும் சரிவரத் தெரியவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. பல மாநிலங்கள் குறைந்தபட்சத் தகுதிப் பரீட்சைகளைக் கொண்டுவந்தன. ஒரு சட்டம் பிள்ளைக்கு ஏற்ற கல்வி என்றது. மற்றொரு விதி எல்லோருக்கும் ஒரே பரீட்சை என்றது. இரண்டும் மோதிக்கொண்டது நீதிமன்றத்தில்.

இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரப் பாடசாலைச் சபை, வாசிப்பு, மொழி, கணிதம் ஆகிய மூன்றிலும் தனித்தனியே 70 புள்ளி பெற்றாலன்றிச் சான்றிதழ் இல்லை என விதித்தது. விசேட கல்வி பெற்ற மாணவர்கள் சிலர் ஏனைய தேவைகள் யாவற்றையும் நிறைவு செய்திருந்தும் இதனால் சான்றிதழை இழந்தனர். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று 1983ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பை இருதரப்பும் நிதானமாக வாசிக்க வேண்டும். மாணவர் தரப்பு வேண்டியபடி பரீட்சையே சட்டவிரோதம் என்று நீதிபதிகள் கூறவில்லை. தரம் நிர்ணயிக்கும் உரிமை சபைக்கு உண்டு என்றும், அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பரீட்சையின் உள்ளடக்கத்தையே மாற்றும்படி கோர முடியாது என்றும் கூறினர். ஆனால் அடுத்து அவர்கள் கண்டறிந்த உண்மையே முக்கியமானது. அப்பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட தனிக் கல்வித் திட்டங்கள் அந்தப் பரீட்சையை நோக்கமாகக் கொண்டவையல்ல. பரீட்சையில் கேட்கப்பட்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. ஒன்றரை ஆண்டு முன்னறிவித்தல் அக்குறையை நிரப்பப் போதாது. ஆகவே அவர்களுக்குச் சான்றிதழை மறுத்தது தவறு.

புளோரிடா மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள் தொடுத்த வழக்கிலும் இதனையொத்த கொள்கை 1981ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்டிருந்தது. வகுப்பில் கற்பிக்கப்பட்டதைத்தான் பரீட்சை கேட்கிறது என்பதை மாநிலம் நிரூபிக்க வேண்டும் என்று அங்கு நீதிமன்றம் பணித்தது. இரண்டு வழக்குகளிலும் கேள்வி பிள்ளையை நோக்கி எழுப்பப்படவில்லை. பாடசாலையை நோக்கியே எழுப்பப்பட்டது.

அதே 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் வேறொரு அறிக்கை வெளியாகி நாட்டையே உலுக்கியது. "ஆபத்தில் ஒரு தேசம்" என்ற தலைப்பிலான அந்த அறிக்கை, உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழுக்கு மூன்று ஆண்டுக் கணிதம் கட்டாயமாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிபந்தனைகளை உயர்த்தின. வெறும் எண்கணிதம் போதாது, அட்சரகணிதம் வேண்டும் என்ற நிலை பல இடங்களில் உருவாயிற்று.

இதனைக் கொடுமை என்று மட்டும் கருதிவிடக் கூடாது. மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ரொபேர்ட் மோசஸ், 1980களில் "அல்ஜிப்ரா புரொஜெக்ட்" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அட்சரகணிதம் அறியாத பிள்ளைக்கு உயர்கல்வியின் கதவும் நல்ல வேலையின் கதவும் மூடப்படுகின்றன. ஆதலால் அக்கல்வி வாக்குரிமைக்கு நிகரான குடியுரிமை என்பது அவரது வாதம். இந்தப் பிள்ளைக்கு இது வராது என்று முன்கூட்டியே தீர்மானித்து எளிய கணக்குப் புத்தகத்தோடு பின்வாங்கில் உட்காரவைப்பது இரக்கமாகத் தோன்றும். அந்த இரக்கமே பல தலைமுறைகளை ஏமாற்றியிருக்கிறது. விசேட கல்வி பெறும் பிள்ளைகளின் கணிதப் பெறுபேறுகளும் கணக்கிலெடுக்கப்பட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் கல்விச் சட்டம் வற்புறுத்தியதற்கும் இதுவே காரணம். கணக்கில் எடுக்கப்படாத பிள்ளைக்கு எவரும் கற்பிப்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் என் நான்கு வரிச் செய்திக்குரிய கலிபோர்னியா வருகிறது. அம்மாநிலம் 1999ஆம் ஆண்டில் உயர்நிலைப் பாடசாலை வெளியேறற் பரீட்சையைச் சட்டமாக்கியது. 2000ஆம் ஆண்டில் மற்றொரு சட்டத்தின் மூலம், 2003-2004 கல்வியாண்டிலிருந்து அட்சரகணிதத்தின் முதற்பகுதியைக் கற்றுத் தேறாதவருக்குச் சான்றிதழ் இல்லை என்றது. ஆக, பாடம் ஒரு தடை; பரீட்சை மற்றொரு தடை. பரீட்சையின் கணிதப் பகுதி பெரும்பாலும் ஆறாம் ஏழாம் வகுப்புக் கணிதத்தையும் அட்சரகணித அடிப்படைகளையும் உள்ளடக்கியிருந்தது. மாநில நிர்வாகத்தினருக்கு அது உயரமான வேலியாகத் தெரியவில்லை.

ஆயின் டிஸ்கல்குலியா உள்ள மாணவன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவனது தனிக் கல்வித் திட்டம் வகுப்பில் கணிப்பானைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. பெருக்கலைக் கணிப்பான் பார்த்துக்கொள்ள, சமன்பாட்டின் போக்கை அவன் விளங்கிக்கொள்கிறான். பரீட்சை மண்டபத்தில் அதே கணிப்பானைப் பயன்படுத்தினால் அது பரீட்சையின் தன்மையையே மாற்றும் செயல் எனக் கொள்ளப்பட்டது. அவன் பெற்ற புள்ளி தானாகச் செல்லுபடியாகாது. பாடசாலை அதிபர் விண்ணப்பித்து, உள்ளூர்ப் பாடசாலைச் சபை விலக்களிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டில் மாணவர் தரப்பு மத்திய நீதிமன்றத்துக்குச் சென்றது. 2002இல் இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது. அதன் ஒரு பகுதியை அதே ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2004ஆம் ஆண்டில் வெளியேறுவோருக்கெனத் திட்டமிடப்பட்ட நிபந்தனை 2006ஆம் ஆண்டுக்குப் பிற்போடப்பட்டது. அந்த ஆண்டு வந்ததும், ஜனவரி இறுதியில், விசேட கல்வி மாணவருக்கு ஓராண்டு விலக்களிக்கும் சட்டம் நிறைவேறியது. நான் நான்கு வரிகளாகச் சுருக்கியது அதைத்தான்.

கதை அங்கு முடியவில்லை. நிபந்தனைகளை ஏற்று, வழக்காடி, மீண்டும் தோற்றி, ஒவ்வோராண்டும் மாணவர்கள் அலைக்கழிந்தனர். 2009இல் நிறைவேறிய சட்டமொன்று ஏனைய தேவைகளை நிறைவு செய்த விசேட கல்வி மாணவருக்கு விரிவான விலக்களித்தது. 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில் கலிபோர்னியா அந்தப் பரீட்சையை எல்லோருக்குமாக இடைநிறுத்தியது. அத்தோடு, 2003-2004 கல்வியாண்டு முதல் அப்பரீட்சையில் மட்டும் தவறி வெளியேறிய அனைவருக்கும் சான்றிதழ் வழங்கும்படியும் சட்டம் கட்டளையிட்டது. பதின்வயதில் தோல்வியுற்றவர்கள் முப்பது வயதை அண்மித்த காலத்தில் பாடசாலைக்குச் சென்று சான்றிதழைக் கேட்டுப் பெறக்கூடியதாயிற்று. 2017இல் அப்பரீட்சை முற்றாக ஒழிக்கப்பட்டது. அட்சரகணிதப் பாடம் மாத்திரம் நிபந்தனையாக நிலைத்தது.

இதனை வெற்றி என்று கொண்டாடலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. விலக்கின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, முழுமையான உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழைப் பெற்ற அன்றே, விசேட கல்வியை இலவசமாகப் பெறும் உரிமை முடிவுக்கு வருகிறது. சான்றிதழ் இல்லையேல் அவ்வுரிமை பொதுவாக 21 வயது வரை நீடிக்கும். கற்பிக்காமலே சான்றிதழை நீட்டினால், பிள்ளைக்குக் கௌரவம் கிடைக்கும். பாடசாலைக்கு ஒரு பொறுப்பும் கழியும். எதிர்ப்புறத்தில், வெறும் "வருகைச் சான்றிதழ்" கொடுத்து அனுப்பினால் அதனைத் தொழில் தருவோரும் கல்லூரிகளும் டிப்ளோமாவாக மதிப்பதில்லை. விலக்கு, கட்டாயம் இரண்டுமே கற்பிக்கும் கடமையிலிருந்து நழுவுவதற்குப் பயன்படக்கூடியவை. கட்டாயம் என்பவர் தவறிய பழியைப் பிள்ளையின் தலையில் போடுகிறார். விலக்கு என்பவர் பிள்ளையைத் தட்டிக்கொடுத்து வாசலுக்கு வெளியே விடுகிறார்.

இந்த நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதையில் என் மனத்தில் நிற்பது பியோரியா வழக்கின் அந்தத் தொண்ணூறு பங்குதான். சட்டங்களும் பரீட்சைகளும் மாறி மாறி வந்தன. ஆனால் 1983இல் நீதிபதிகள் கேட்ட கேள்வி பழையதாகிவிடவில்லை: இப்பிள்ளையிடம் கேட்பதை இப்பிள்ளைக்கு விளங்கும் வழியில் நீங்கள் எப்போதாவது கற்பித்தீர்களா? இதற்கு ஆம் என்று பதிலளிக்கக்கூடிய பாடசாலைக்குத்தான் நிபந்தனை விதிக்கும் தகுதி உண்டு. பதில் இல்லை என்றால், தவறியவர் மாணவரல்லர்.

க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தின் பிடி எத்தகையது என்பதை இலங்கை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும், எத்தனை பேர் கணிதத்தில் தவறினர் என்று தலைப்பிட்டு நானும் செய்தி எழுதியிருக்கிறேன். அவர்களுள் எவருக்கு எதனால் வரவில்லை என்று ஒரு முறையாவது விசாரித்து எழுதியதில்லை. என் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார், அவரிடம்கூடக் கேட்கவில்லை.

அவரது பிரேதத்துக்கு முன்னால் நின்றபோது அவருடைய மகள் என்னிடம் சொன்னாள்: "அப்பா கடைசி மட்டும் தன்னை மொக்கன் எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவர், மாமா." பதினான்கு வயதில் பிரம்போடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சொல் அது. அது பொய் என்று சொல்வதற்கு வேண்டிய அத்தனையும் அந்த நான்கு வரிச் செய்தியின் பின்னால் இருந்தது. அன்றிரவு அவர் கேட்டது சட்டத்தைப் பற்றி மட்டுமல்ல என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆம் மச்சான், இருக்கிறது. கணக்கு வராத பிள்ளைகளுக்கென்று அங்கே சட்டம் இருக்கிறது. அது முழுமையானதல்ல, பலமுறை தடுமாறியது. ஆனாலும் உன்னைப் போன்ற ஒரு பிள்ளையை மொக்கன் என்று அழைக்க அச்சட்டத்தில் இடமில்லை.